இரண்டு பிரேக் வண்டி

அவருக்குப் பூனைக்கால் என்று பெயர் வைத்தவர்கள், அவரோடு தொழில் செய்தவர்கள்தான். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடக்கும் மைதானத்தில், முறை வரும்வரை வண்டி நிழலில் குந்தியிருக்கும் பயிற்சியாளர்கள் யாரும் யாரையும் சொந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. ஒருவர் சிடுமூஞ்சி, ஒருவர் ஹாரன், இவர் பூனைக்கால்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளச்சும் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கோட்டை விட்டால் கற்றுக்கொடுக்கிறவர் மிதிப்பார். சிடுமூஞ்சி மிதித்தால் மாணவரின் நெற்றி கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நிற்கும். அதற்குப் பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி வசவு விழும். பூனைக்கால் மிதித்தால் மிதித்ததே தெரியாது. வண்டி தானாக மனம் மாறியது போல வேகம் தணியும். மாணவர் தான்தான் பிரேக் போட்டதாக நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். நான் மிதித்தேன் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பயம்தான் வரும், ஓட்ட வராது என்பது அவர் கட்சி. தேர்வுக்கு முந்தைய மூன்று நாட்கள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, மாணவர் பார்க்கும்படியாகக் காலை மடக்கி இருக்கையில் வைத்துக்கொள்வார். அதற்கு அர்த்தம், இனி எல்லாம் உன் தலையில்.

பயிற்சிக் கையேட்டில் அவர் போடும் கையெழுத்துக்கும் ஒரு கதை உண்டு. வங்கி மேலாளர் ஒருவர் பன்னிரண்டு வகுப்பு வந்துவிட்டு முப்பது என்று எழுதித் தரச் சொன்னார். கெஞ்சினார், அதட்டினார், தெரிந்தவர்களை விட்டுச் சொல்லிப் பார்த்தார். பூனைக்கால் மசியவில்லை. "பன்னெண்டுக்குப் பன்னெண்டுன்னுதான் சார் போடுவேன். மிச்சத்துக்கு வாங்க, டீ வாங்கித் தரேன்," என்றார். மேலாளர் பதினெட்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து ஓட்டினார். டீயும் குடித்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். ரொட்டி ஏற்றும் வேன் ஓட்டி, பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி, பக்கத்து இருக்கைக்குப் பிரேக் பொருத்திக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தார். அவருக்கு ஒரே மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. விபத்து நடந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலங்களைப் படித்து, எது நம்பத்தக்கது, எது கட்டிவிட்ட கதை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் சூத்திரம் ஒன்று இருந்தது. உண்மை சொல்கிறவன் ஒரு காரணம் சொல்வான், பொய் சொல்கிறவன் மூன்று சொல்வான். மூன்றாவது காரணத்தின் கீழே அவள் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டால், அந்தக் கோப்பு அதோடு முடிந்தது.

வீட்டில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். காலையில் அவள் அதை ஓட்டிக்கொண்டு அலுவலகம் போவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அவள் இறங்கியதும் அவர் ஓட்டுநர் பக்கம் மாறி உட்கார்ந்து பாடம் நடத்தப் போவார். சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வார், அப்போதும் அவள்தான் ஓட்டுவாள். ஆறு வருடமாக இப்படித்தான். உரிமம் வாங்கியதுகூட முதல் தடவையிலேயே. அப்பாவிடம் கற்றுத் தேறியவள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வண்டியின் கூரையில் ஒரு மஞ்சள் பலகை. இரண்டு கதவிலும் பெரிய எழுத்தில் பயிற்சி வாகனம் என்று சிவப்பில் ஒட்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அலுவலக வாசலில் அவள் இறங்குவதைப் பார்த்த சக ஊழியர் ஒருவர், "இன்னுமா மேடம் பாஸ் ஆகல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க ஆளுக்கு ஒரு தடவை அதையே கேட்டார்கள். அடுத்த திங்கள்கிழமை, வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்று சொல்லி, ஒரு தெரு முன்னாலேயே மருந்துக்கடை முனையில் நிறுத்தி இறங்கிக்கொண்டாள். வாசலில் நான்கு வண்டி நிறுத்தும் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது.  சாயங்காலம் அப்பாவும் வாசலுக்கு வராமல் மருந்துக்கடை முனையிலேயே காத்திருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது.

அவருக்கு அறுபது முடிந்ததும் பயிற்சியாளர் உரிமம் காலாவதியானது. அதே மாதம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. இனி விபத்து நடந்த இடங்களுக்கு அவளே நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தனியாக, சொந்த வண்டியில். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய மாடல் ஒன்றை எடுக்கலாம் என்று பேச்சை ஆரம்பித்தவள் அவள்தான். கியர் மாற்ற வேண்டாம், கிளச் கிடையாது, ஆட்டோமேட்டிக் வகை. கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

"நீங்களும் எத்தனை வருஷம்தான்பா அந்தக் கிளச்சோட மல்லுக்கட்டுவீங்க? இனிமே ஹாயா உட்கார்ந்து வாங்க," என்றாள். சொல்லும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம். இது அவருக்காகச் சொல்வதா, தனக்காகச் சொல்வதா? அப்பா அந்தக் கேள்விக்குள் போகவில்லை. சரிம்மா என்றார்.

அம்மா தையல் தொழிற்கூடத்தில் சட்டைகளுக்குக் காலர் வைப்பவள். வாழ்நாள் முழுக்கப் பின் இருக்கையிலேயே பயணம் செய்தவள். ஏன் நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாரும் அவரை வாத்தியாரேன்னு கூப்பிடறாங்க. வீட்டுக்குள்ள அது சரிப்படுமா?" என்பாள். புது வண்டி என்றதும் அவள் கேட்டது ஒன்றுதான். பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருக்குமா?

வண்டியை விலை பேசக் கொண்டுபோவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில் மகள் அப்பாவிடம் சொன்னாள், அந்த இரண்டாவது பிரேக்கையும் கிளச்சையும் கழற்றிவிட வேண்டும் என்று.

"எதுக்கு? வாங்கறவங்க வேணும்னா கழட்டிக்கப் போறாங்க."

"பயிற்சி வண்டின்னு தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்கப்பா."

"பயிற்சி வண்டிதானேம்மா?"

பதிவுப் புத்தகத்தில் சொந்த உபயோகம் என்றுதானே இருக்கிறது, பயிற்சிக்கு வாங்கிய அனுமதி தனிச் சீட்டுதானே, அதுவும் முடிந்துவிட்டதே என்று அவள் வரிசையாக எடுத்து வைத்தாள். நாமாகப் போய்ச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்றாள். படித்த பெண் சொல்கிறாள். அப்பா போய்ப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தார்.

மல்லாந்து படுத்துத் தலையை வண்டிக்குள் விட்டு, நான்கு போல்ட்டையும் அவரே கழற்றினார். ஒன்று துருப்பிடித்து வர மறுத்தது. எண்ணெய் விட்டு, காத்திருந்து, அதையும் எடுத்தார். தரையில் நான்கு ஓட்டைகள் தெரிந்தன. அவற்றில் ரப்பர் அடைப்பான்களைச் செருகி, மேலே புது விரிப்பைப் போட்டார்கள். அவள் வெந்நீரும் துணியுமாகக் கதவு எழுத்துகளைச் சுரண்டி எடுத்தாள். எழுத்து போனது, ஆனால் இத்தனை வருட வெயில் படாத இடம் மட்டும் பளிச்சென்று, அதே எழுத்தாகத் தெரிந்தது. அப்பாவை ஓட்டச் சொல்லி, பாலிஷ் போடும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோய் அதையும் தேய்த்து மறைத்தாள். கழற்றிய பெடல்களை அப்பா ஹாரனிடம் கொடுத்துவிட்டார். அவர் வண்டிக்குப் பொருந்துமாம்.

மறுநாள் அப்பாவே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வண்டிக் கடை கண்ணாடியால் கட்டியது போல இருந்தது. உள்ளே நுழைந்ததும் குளிர்ந்த காற்றும் புது ரப்பர் வாசனையும். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் சிரித்த முகமாக வந்து உட்கார வைத்தாள். விற்பனைப் பிரிவு. பழைய வண்டியை மதிப்புப் போடுபவர் வேறொருவர், ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் சின்ன டார்ச், அதிகம் பேசாதவர். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

விற்பனைப் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். வண்டி அப்பா பெயரில் இருந்தாலும் எழுத்து வேலை எல்லாம் அந்த வீட்டில் மகள் பொறுப்பு. கடகடவென்று நிரப்பிக்கொண்டே போனாள். வண்டி எதற்குப் பயன்பட்டது என்று ஒரு வரி வந்தது. வாடகைக்கு, பயிற்சிக்கு, நிறுவன வேலைக்கு, குடும்பத்துக்கு மட்டும் என்று நான்கு கட்டங்கள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இதோ கேட்டுவிட்டார்கள். பேனா ஒரு நொடி நின்றது. பிறகு நான்காவது கட்டத்தில் டிக் அடித்தாள். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் படிக்கத் தெரிந்தவர். ஆனால் அவர் அப்போது எதிரே நின்ற புது வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்தைப் பிறகு போடலாம், முதலில் ஓட்டிப் பாருங்கள் என்று விற்பனைப் பெண் இருவரையும் வெளியே அழைத்துப் போனாள். தான் பின்னால் ஏறிக்கொண்டு, "ஐயா முதல்ல ஓட்டட்டும்," என்றாள். அப்பா உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட்டை மாட்டி, புத்தகத்தில் போட்ட படம் போலத் தயாரானார். வண்டி நகர்ந்தது. பத்தடி போயிருக்காது. அவருடைய இடது கால், நாற்பது வருட வழக்கத்தில், கிளச்சைத் தேடி முழுப் பலத்தோடு இறங்கியது. அங்கே கிளச் இல்லை. அகலமான பிரேக்தான் இருந்தது. வண்டி முளையடித்தது போல நின்றது. விற்பனைப் பெண்ணின் மூக்கு முன் இருக்கையில் போய் இடித்தது.

"மன்னிச்சுக்கோம்மா," என்று அவர் பதறினார். மறுபடியும் எடுத்தார். மறுபடியும் அதே. மூன்றாவது தடவை வாசல் காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார்.

"கிளச் வண்டி ஓட்டிப் பழகினவங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் ஐயா. நீங்க எத்தனை வருஷமா ஓட்டறீங்க?" என்று அந்தப் பெண் மூக்கைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள், "எப்பவாவதுதான் ஓட்டுவார்," என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. ஏன் சொன்னாள்? படிவத்தில் போட்ட டிக் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகவா, மூன்று தடவை நின்ற வண்டிக்காகவா? இரண்டுக்கும் சேர்த்தே அவர்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. அப்பா இறங்கி வந்து, "நீயே ஓட்டும்மா," என்று மட்டும் சொன்னார்.

அவள் எடுத்ததும் வண்டி எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. இரண்டு தெரு தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தாள். விற்பனைப் பெண் பின்னாலிருந்து இருக்கை வசதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்னால் ஒரு வெள்ளைக் கார். சந்திப்பில் விளக்கு சிவப்புக்கு மாறியது. அவள் அதைப் பார்த்தாள். வேகம் குறையும் என்று இருந்தாள். அவள் காலை எடுத்து வைக்கும் நேரத்தில் வண்டி எப்போதுமே பாதி அடங்கியிருக்கும், அப்படித்தான் அவளுக்குப் பழக்கம். இன்று அடங்கவில்லை. வெள்ளைக் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் மிதித்தாள். ஒரு நொடி பிந்திவிட்டது. டொக் என்று ஒரு சத்தம்.

பெரிய அடி இல்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்பே அவள் காதில் வேறொன்று விழுந்திருந்தது. பக்கத்தில் அப்பாவின் கால் வெறும் தரையை அறைந்த சத்தம். திரும்பினாள். அவர் இருக்கையில் பாதி எழுந்தவராக, வலது காலை விறைத்து நீட்டி, இல்லாத ஒன்றை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். 

அவளுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஆறு வருடம். ஒவ்வொரு சிவப்பு விளக்கும், குறுக்கே வந்த ஒவ்வொரு சைக்கிளும், ஏற்றத்தில் வண்டி பின்னால் போகாமல் நின்ற ஒவ்வொரு தடவையும். அதில் எது தன் கால், எது அவர் கால்?

வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவர் கோபமாகத்தான் வந்தார். அப்பா அவருக்கு முன்னால் போய் நின்று, "தப்பு எங்க மேலதான்," என்றார். கடை வண்டி, காப்பீடு இருக்கிறது என்று விற்பனைப் பெண் பேசிச் சரிக்கட்டினாள். திரும்பி வரும்போது விற்பனைப் பெண்ணே ஓட்டினாள். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளைப் பிரித்து மேய்கிற மகள், பின் இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கடையில் மதிப்புப் போடுபவர் காத்திருந்தார். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தைப் பார்த்தபடி கேட்டார். "முன்னாடி பக்கத்து சீட்டு காலடியில நாலு ஓட்டை இருக்கே மேடம், ரப்பர் வச்சு அடைச்சு?"

அவள் முகம் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது. நாக்கு தானாகப் புரண்டது. "அது எங்கம்மாவுக்குக் கால் வலி. கால் வச்சுக்க ஒரு பலகை போட்டிருந்தோம். அப்புறம் அது ஆடிச்சுன்னு எடுத்துட்டோம். வாங்கறப்பவே வேற ஏதோ ஓட்டை இருந்ததா ஞாபகம்." சொல்லி முடித்த பிறகுதான் எண்ணிப் பார்த்தாள். மூன்று.

அவர் அவளை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "அப்படியாங்க ஐயா?"

அப்பா அவர் முகத்தை நேராகப் பார்த்தார். அம்மா ஒரு நாளும் அந்த முன் இருக்கையில் உட்கார்ந்தவள் இல்லை.

"ஆமா," என்றார்.

அதோடு முடியவில்லை. வண்டி அவர் பெயரில் இருப்பதால் படிவத்தில் மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று அவர்தான் கையெழுத்திட வேண்டும். விற்பனைப் பெண் இடத்தைச் சுட்டிக் காட்டினாள். பன்னிரண்டை முப்பது ஆக்காதவர், பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, எப்போதும் போல அழுத்தி எழுதினார். பழையதற்கு ஒரு விலை எழுதித் தந்தார்கள்; ஒரு வாரத்தில் புது வண்டி தயாராகிவிடும், பழையதை அப்போது கொடுத்தால் போதும் என்றார்கள்.

வீடு திரும்பும்போது பழைய வண்டியை அவரே ஓட்டினார். பாதி வழியில் அவள் கேட்டாள், "எத்தனை தடவைப்பா?"

அவருக்குப் புரிந்தது. "எண்ணலைம்மா. கால் அதுவாப் போகும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ நல்லா ஓட்டறேன்னு சந்தோஷமா இருந்தே," என்றார்.  வீட்டில் அம்மா, பின் சீட்டில் கால் நீட்ட இடம் இருந்ததா என்று கேட்டதற்கு, இருந்தது என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அன்று அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை. உடம்பு ஏதாவது செய்கிறதா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவள் மேஜைக்கு வந்த முதல் கோப்பு, லாரிக்காரர் ஒருவர் எழுதிய வாக்குமூலம். மழை பெய்தது, பிரேக் பிடிக்கவில்லை, நாய் குறுக்கே வந்தது. சிவப்புப் பேனா கையில் இருந்தது. கோடு போட வரவில்லை. இந்த மனிதனுக்குப் பக்கத்தில் ஆமா என்று சொல்ல யாராவது இருந்திருப்பார்களா என்று யோசனை போனது. கோப்பை மூடி வைத்துவிட்டு, மதிய இடைவேளையில் வண்டிக் கடைக்குப் பேருந்து ஏறினாள்.

மதிப்புப் போடுபவர் தன் மேஜையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். அது பயிற்சி வண்டி, இருபத்திரண்டு வருடம், படிவத்தில் தவறாகப் போட்டது தான்தான், விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள். சொல்லிவிட்டால் நெஞ்சில் இருப்பது இறங்கிவிடும் என்று நம்பி வந்திருந்தாள்.

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "குறைக்க என்ன இருக்கு மேடம்? முதல்லயே பயிற்சி வண்டி விலைதான் போட்டிருக்கேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"டிரைவர் சீட்டு முன்னும் பின்னும் நகர்ற கம்பி இருக்கு பாருங்க. ஒருத்தர் ரெண்டு பேர் ஓட்டற வண்டியில அது ஒண்ணு ரெண்டு இடத்துலதான் தேயும். உங்க வண்டியில முழுக்க வழவழன்னு இருக்கு. குட்டை, நெட்டைன்னு நூத்துக்கணக்கான பேர் உட்கார்ந்து நகர்த்தினாத்தான் அப்படி ஆகும். ஓட்டையை நான் பார்த்ததே கடைசியாத்தான்."

"அப்ப எதுக்கு எங்ககிட்ட கேட்டீங்க?"

"கேட்கறது வழக்கம். சில பேர் சொல்லிடுவாங்க." அவர் டப்பாவை மூடினார். "படிவத்தைத் திருத்தணும்னா திருத்தலாம். ஆனா நீங்க திருத்த முடியாது. கையெழுத்து போட்டவர் வரணும்."

அவள் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு பேருந்து போனது. அந்தப் பொய்யால் ஒரு பைசா லாபம் கிடைத்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது என்று தோன்றியது. அது வாங்கிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் வாயிலிருந்து ஓர் ஆமா. இப்போது அதைப் போய் அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம். விலை மாறப் போவதில்லை. யாரும் கேட்கப் போவதும் இல்லை. அவர் தன் பெண்ணுக்காக ஒரு நல்ல விலை வாங்கிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டே இருக்கட்டும். அப்படி விட்டுவிடுவதற்கு அவளுக்கு அருமையான காரணங்கள் தோன்றிக்கொண்டே இருந்தன. அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவர் மருந்துக்கடை முனையில் வண்டியோடு நின்றிருந்தார். அவள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள், கதவைச் சாத்துவதற்கு முன்பே. கம்பி தேய்ந்தது, விலை முதலிலிருந்தே அதுதான், எல்லாவற்றையும்.

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும்.

"அப்ப அந்த மனுஷன், தெரிஞ்சுக்கிட்டே என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டிருக்கார்," என்றார். "நானும் அவர் மூஞ்சியைப் பார்த்தே சொல்லியிருக்கேன்."



அவர் வண்டியைக் கிளப்பினார். வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் திருப்பினார். வண்டிக் கடை மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வாசலில் நிறுத்திவிட்டு, "நீ இங்கேயே இரு," என்று சொல்லி இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று ஒரு கணம் தடுமாறி, உள்ளே போனார்.

அவள் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. அப்பா மதிப்புப் போடுபவரின் மேஜை முன்னால் நின்றார். அவர் நாற்காலியைக் காட்டினார், அப்பா உட்காரவில்லை. கை அசைத்து ஏதோ சொன்னார். வெளியே வண்டியைச் சுட்டிக் காட்டினார், உடனே கையைக் கீழே போட்டார். என்ன சொல்கிறார் என்பது அவளுக்குத் திடீரென்று தெரிந்துவிட்டது, கேட்காமலேயே. கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள்.

உள்ளே நுழையும்போது அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "...எம் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது சார். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

"இல்ல சார்," என்றாள். மூச்சு வாங்கியது. "அப்பா வேணாம்னுதான் சொன்னார். பெடலைக் கழட்டச் சொன்னது நான். டிக் அடிச்சது நான். கால் வலின்னு சொன்னதும் நான்."

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டாள். விற்பனைப் பெண் கையில் சாவிக்கொத்தோடு நின்று பார்த்தாள். புது வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம், அதில் ஒரு குழந்தை உட்பட, திரும்பிப் பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு மேஜையின் விளிம்பைப் பார்த்தார். அவளுக்காகப் பேச வந்த இடத்தில் அவரைப் பொய்யராக்கிவிட்டாள், இரண்டாவது தடவையாக.

 மதிப்புப் போடுபவர் கோப்பிலிருந்து படிவத்தை எடுத்தார். நான்காவது கட்டத்தை அடித்துவிட்டு இரண்டாவதில் டிக் போடச் சொன்னார், பக்கத்தில் அப்பாவைக் கையெழுத்திடச் சொன்னார். அப்பா போட்டார். பிறகு படிவத்தைத் திருப்பி அடியில் ஒரு சின்ன வரியை அவளுக்குக் காட்டினார். வேறொருவர் நிரப்பியிருந்தால் நிரப்பியவர் கையெழுத்து. அது முந்தின நாள் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"நீங்க இங்க போடணும். அடையாள அட்டை இருக்கா?"

அவள் அட்டையை எடுத்து வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை போடுகிற கையெழுத்து. போட்டாள். அவர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"சேரலையே மேடம்," என்றார். "இன்னொரு தடவை போடுங்க."

அப்பா அருகில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மணிக்கட்டை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.